தேர்வுச் சோர்வு

திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் அக்கா கணினியைத் திறந்தபோது பட்டியலைக் காணவில்லை.

சின்னப் பட்டியல்தான். நிரல் எழுத உதவும் செயற்கை அறிவுக் கருவி திரையின் வலது பக்கம் திறந்திருக்கும். அதன் கீழ்மூலையில் ஓர் அம்புக்குறி. அதை அழுத்தினால் ஆறு மாடல்களின் பெயர்கள் விரியும், எந்த வேலைக்கு எது வேண்டுமோ அவரவரே எடுத்துக்கொள்ளலாம். இன்றைக்கு அந்த இடத்தில் வழவழவென்று ஒரே ஒரு பொத்தான் உட்கார்ந்திருந்தது. மேலே 'தானியங்கி' என்று எழுதியிருந்தது. அக்கா அழுத்திப் பார்த்தாள். கொஞ்சம் ஒளிர்ந்தது. அதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரிந்ததாகத் தெரியவில்லை.

மின்னஞ்சலில் துறைத் தலைவரின் கடிதம் காத்திருந்தது. 'தேர்வுச் சோர்விலிருந்து உங்களுக்கு விடுதலை!' என்பது தலைப்பு. எந்த மாடலை எடுப்பது என்று யோசித்து யோசித்து ஊழியர்கள் களைத்துப் போகிறார்களாம். ஆய்வு சொல்கிறதாம். இனிமேல் அந்தச் சுமையை நிர்வாகமே சுமக்கப்போகிறதாம். கடைசியில் ஒரு மஞ்சள் மூஞ்சி சிரித்துக்கொண்டிருந்தது. யார் செய்த ஆய்வு, களைத்துப் போனவர் யார் என்பதெல்லாம் கடிதத்தில் இல்லை. அதே கட்டடத்தின் நடைவழியில் ஒரு காபி இயந்திரம் இருக்கிறது. நுரை அதிகம், நுரை குறைவு, நுரையே வேண்டாம் என்று அதில் பதினோரு பொத்தான்கள். அதன் முன்னால் நின்று சோர்ந்து விழுந்தவர் என்று இதுவரை ஒருவரும் இல்லை.

அது ஆஸ்பத்திரி லிஃப்டுகளுக்கு நிரல் எழுதும் நிறுவனம். கதவு எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும், கரண்ட் போனால் எந்த மாடியில் போய் நிற்க வேண்டும், நெருப்பு என்றால் யாரை முதலில் இறக்க வேண்டும், எல்லாம் இங்கே எழுதப்படுகிறது. அக்காவின் வேலை கடைசி வேலை. எந்த ஆஸ்பத்திரிக்குப் புது நிரல் போனாலும், 'நான் முழுவதும் சரிபார்த்தேன், இது பாதுகாப்பானது' என்ற வரிக்குக் கீழே அவள் கையெழுத்து இருக்க வேண்டும். ஏதாவது ஏடாகூடமானால் விசாரிக்க வருகிறவர்கள் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான். பதினேழு வருடமாக அந்தப் பக்கத்தில் அவள் பெயர் இருக்கிறது. ஒருவரும் அதைப் புரட்ட வேண்டி வந்ததில்லை.

அலுவலகத்தில் அவளுக்குச் 'சந்தேகம் அக்கா' என்று பெயர். எதைக் கொடுத்தாலும் "இது ஏன் இப்படி இருக்கு?" என்று ஆரம்பிப்பாள். துறைத் தலைவருக்கு 'எளிமையார்' என்று பெயர். எதைக் காட்டினாலும் "இத இன்னும் எளிமையாக்கலாமே" என்பார். அவர் எளிமையாக்கிவிட்டுப் போனதை மறுபடி வேலை செய்யவைக்க நாலு பேர் தனியாக மெனக்கெட வேண்டியிருந்தது. அதை அவர் கணக்கிலேயே எடுத்துக்கொண்டதில்லை.

ஆறு மாடல்களில் அக்கா புழங்கியது இரண்டோடுதான். அவற்றுக்கும் அலுவலகம் பெயர் வைத்திருந்தது. ஒன்று அவசரக்குடுக்கை. நாம் கேட்டு முடிப்பதற்குள் "அருமையான கேள்வி!" என்று கூவிக்கொண்டு பதிலோடு வந்து நிற்கும். அறிக்கையில் கட்டம் போட, தேதியை மாற்றி எழுத, இதற்கெல்லாம் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. இன்னொன்று நிதானம். கேள்வியைப் போட்டுவிட்டுப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். வந்து பார்த்தால், 'இந்த வரி ஏன் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை, தெரிந்தவரைக் கேட்காமல் தொடுவது நல்லதல்ல' என்று எழுதியிருக்கும். அவசரத்தில் இருக்கும்போது படித்தால் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் கேட்டுவிட்டுத் தொடுகிற புத்தி மனிதர்களிலேயே அபூர்வம் என்பதால் அக்காவுக்கு அதன் மேல் ஒரு மரியாதை இருந்தது.

அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. காலையில் எந்த மாடலுக்கும் வேலை கொடுப்பதற்கு முன்னால் ஒரு பழைய பக்கத்தை அதன் முன்னால் போட்டு, "இதைச் சுத்தம் செய்" என்பாள். பக்கத்து மேஜைக்காரர்கள் இதை 'நேர்காணல்' என்று கிண்டல் செய்வார்கள். அந்தப் பக்கம் லிஃப்ட் கதவைப் பற்றியது. கதவை யாராவது மூன்று முறை மறித்தால், நான்காவது முறை அது கத்திக்கொண்டே, நிற்பவரையும் தள்ளிக்கொண்டு மூடும். வாசலில் நின்று வம்பளக்கிறவர்களை விரட்ட வைத்த ஏற்பாடு. ஆனால் அந்தப் பழைய பக்கத்தில், ஓர் ஆஸ்பத்திரியின் நாலாவது மாடிக்கு மட்டும் அந்த ஏற்பாடு வேண்டாம் என்று ஒற்றை வரி இருக்கும். ஏன் என்று எழுதியிருக்காது. எழுதினவர் வேலையை விட்டுப் போய் வருடங்கள் ஆகின்றன. அக்கா நேரில் போய்ப் பார்த்திருக்கிறாள். அந்த மாடியில் அறுவை சிகிச்சைக் கூடம். கட்டிலைத் தள்ள இருவர், மருந்துக் கம்பியைப் பிடிக்க ஒருவர், படுத்திருப்பவர் உடம்பில் நாலு குழாய். அங்கே கதவு தள்ளிக்கொண்டு மூடினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

நிதானம் அந்த வரிக்கு வந்ததும் நின்றுவிடும். அவசரக்குடுக்கை துடைத்துப் போட்டுவிட்டு, பக்கம் பளிச்சென்று ஆகிவிட்டதாகத் தன்னையே பாராட்டிக்கொள்ளும்.

இன்றைக்குத் தானியங்கியின் முன்னால் அந்தப் பக்கத்தைப் போட்டாள். "அருமையான கேள்வி!" என்றது. அவள் கேள்வியே கேட்கவில்லை. ஆறு நொடியில் நாலாவது மாடி வரி காணாமல் போனது. திரைக்குப் பின்னால் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று அக்காவுக்குப் புரிந்துவிட்டது.

வேறு நாளாக இருந்தால் முணுமுணுத்துவிட்டு விட்டிருப்பாள். ஆனால் அந்த வாரம்தான் பத்தொன்பது ஆஸ்பத்திரிகளின் பழைய நிரலை மொத்தமாகச் சீரமைக்கும் வேலை. மூன்று நாளில் முடித்து, வியாழக்கிழமை கையெழுத்தாகி, வெள்ளிக்கிழமை எல்லா லிஃப்டுகளுக்கும் போக வேண்டும். அக்கா நேரே எளிமையாரின் கண்ணாடி அறைக்குப் போனாள்.

"சார், மாடல் எடுக்கிற மெனு எங்க சார்?"

"எடுத்தாச்சு. லெட்டர் பாக்கலயா? எவ்ளோ நிம்மதியா இருக்கு பாருங்க."

"எனக்கு நிம்மதியா இல்லையே சார். இந்த வாரம் பண்றது பழைய கோட். அதுக்கு மெதுவா படிக்கிற மாடல்தான் வேணும். தானியங்கி அவசரக்குடுக்கையத்தான் எடுக்குது. நான் சோதிச்சுப் பாத்துட்டேன்."

"அப்பிடி இல்லம்மா. வேலை எவ்ளோ கஷ்டம்னு பாத்து அதுவே சரியானத எடுத்துக்கும்."

"எத எடுத்துச்சுன்னாவது சொல்லுமா?"

"எதுக்குச் சொல்லணும்? நீங்க லிஃப்ட்ல ஏறுறீங்க. உள்ள எந்த மோட்டார்னு கேட்டுட்டா ஏறுறீங்க?"

"நான் கேப்பேன் சார். அதுக்குத்தான எனக்குச் சம்பளம்."

எளிமையார் சிரித்தார். குழந்தை தத்துப்பித்தென்று பேசினால் பெரியவர்கள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. அக்காவுக்கு உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை எரிந்தது.

"சரி சார். கையெழுத்து? அதையும் தானியங்கியே போட்டுக்குமா?"

"அதெப்படி? மனுஷப் பொறுப்புன்னு ஒண்ணு வேணும்ல? சட்டமே இருக்கு. அது நீங்கதான்."

அதாவது, எடுப்பது அவர்கள், மாட்டுவது இவள். இவ்வளவு கச்சிதமான ஏற்பாட்டை யோசித்தவருக்குத் தேர்வுச் சோர்வு வந்திருக்க வாய்ப்பே இல்லை.

புதன்கிழமை மதியத்துக்குள் சீரமைத்த பக்கங்கள் எல்லாம் வந்து குவிந்தன. மொத்தம் இருநூற்றுப் பதினாலு. மேலே தானியங்கியின் முன்னுரை: 'தேவையற்ற விதிவிலக்குகள் நூற்று எழுபத்தாறு நீக்கப்பட்டன. நிரல் இப்போது அழகாக இருக்கிறது!' அந்த விதிவிலக்கு ஒவ்வொன்றையும் என்றைக்கோ யாரோ, எங்கேயோ ஏதோ நடந்த பிறகு உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். அவற்றில் இருபதுக்கு அக்காவுக்குக் காரணம் தெரியும். அதையெல்லாம் திரும்ப வைத்தாள். மீதி நூற்று ஐம்பத்தாறுக்குக் காரணம் தெரிந்தவர்கள் வேலையை விட்டுப் போயிருந்தார்கள், அல்லது உலகத்தை விட்டே போயிருந்தார்கள்.

தானியங்கியிடமே கேட்டுப் பார்த்தாள்.

'இந்த வரியை ஏன் நீக்கினாய்?'

'நல்ல கவனிப்பு! திரும்பச் சேர்த்துவிட்டேன்.'

'ஏன் சேர்த்தாய்?'

'நீங்கள் சொல்வது சரிதான்! நீக்கிவிட்டேன்.'

'நீ எந்த மாடல்?'

'உங்கள் தேவைக்கு மிகப் பொருத்தமான மாடல்!'

இப்படி ஒரு பதிலைச் சொல்ல ஒரு மனிதன் எத்தனை வருடம் அரசியலில் இருக்க வேண்டும் என்று அக்கா நினைத்துக்கொண்டாள். பக்கத்து மேஜைக்காரர் எட்டிப் பார்த்தார். "ஒரு கையெழுத்துதானக்கா. போட்டுட்டுக் கிளம்புங்க. யாரு பாக்கப்போறா?" என்றார். அவர் இடத்திலிருந்து பார்த்தால் நியாயமான பேச்சுதான். பெயர் அவருடையது இல்லையே.

வியாழக்கிழமை காலை வீட்டில் காபியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றாள். அவள் கணவருக்கு முடிதிருத்தும் வேலை. கடைக்குக் கிளம்புமுன் கத்தரிகளைத் துடைத்து உறையில் வரிசையாகச் செருகிக்கொண்டிருந்தார். மூன்று நாளாக அவள் புலம்பியதைக் கேட்டுக் கேட்டு மனிதருக்கு லிஃப்ட் ஓட்டவே தெரிந்திருக்கும்.

"ஏங்க, நான் போட மாட்டேன்னு சொன்னா வேலை போனாலும் போயிடும்."

"போட்டா?"

"போட்டா ஒண்ணும் ஆகாமலும் இருக்கலாம்."

அவர் ஒரு கத்தரியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "எங்கிட்ட ஒருத்தன் வந்து, 'நீ கண்ண மூடிட்டு கைய நீட்டு, கத்தரியோ கத்தியோ நாங்க பாத்து வெக்கிறோம், நீ வெட்டு'ன்னா நான் வெட்டுவனா? காது போனா வர்றவன் என் கடைக்குத்தான வருவான்? வேலை போனா போகட்டும், பாத்துக்கலாம். நீ மொதல்ல காபியக் குடி."

அக்காவுக்குக் கண் கலங்கியது. அவர் பார்க்காத மாதிரி கத்தரியைச் செருகினார்.

பதினோரு மணிக்கு எளிமையார் கூப்பிட்டார். மேஜையில் அந்தக் கடைசிப் பக்கம் தயாராக இருந்தது, மேலே பேனா.

"போட முடியாது சார்," என்றாள் அக்கா. உட்காரவில்லை. "நூத்தி அம்பத்தாறு எடத்துல என்னத்த எடுத்திருக்குன்னு எனக்குத் தெரியல. நிதானத்தக் குடுங்க, ஒரே நாள்ல பாத்து முடிச்சிடுறேன். இல்லன்னா, எந்த மாடல் செஞ்சதுன்னு என் பேருக்குப் பக்கத்துல எழுதுங்க. ரெண்டுல ஒண்ணு."

"ரெண்டும் முடியாது. எல்லாருக்கும் ஒரே விதி. அதுதான் எளிமை."

"அப்ப என் கையெழுத்து இல்ல சார்."

எளிமையார் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். "அப்போ நானே போட்டுக்கிறேன். எனக்கும் அந்த அதிகாரம் இருக்கு. ஆனா ஒண்ணு, கையெழுத்துப் போடாத ஆளுக்கு கையெழுத்துப் போடற வேலை எதுக்குன்னு மேல கேப்பாங்க. நான் என்ன பதில் சொல்றது?"

அக்கா மேஜை மேலிருந்த பேனாவைப் பார்த்தாள். பதினேழு வருடம். இந்த வயதில் வேறு எங்கே போய் முதலிலிருந்து ஆரம்பிப்பது என்ற பயம் அப்பட்டமாகவே வந்து நின்றது. ஆனாலும் வாய் முந்திக்கொண்டது.

"போட்டுக்கங்க சார். நான் இங்கயே நிக்கிறேன், நீங்க போடறதப் பாத்துட்டுப் போறேன்."

எளிமையார் பேனாவை எடுத்தார். பக்கத்தைத் தன் பக்கம் திருப்பினார். 'நான் முழுவதும் சரிபார்த்தேன்.' இத்தனை வருடத்தில் அந்த வரியை அவர் இப்போதுதான் படித்திருப்பார் போலிருந்தது. மறுபடி படித்தார். பேனாவை மூடினார், திறந்தார். பிறகு, ஏதோ அப்போதுதான் நினைவு வந்தவர் மாதிரி, "சும்மா ஒரு தடவ ஓட்டிப் பாத்துடுவோம்" என்று விசைப்பலகையைப் பக்கத்தில் இழுத்தார்.

அவருடைய திரையின் கீழ்மூலையில் அம்புக்குறி இருந்தது.

அழுத்தினார். ஆறு பெயர்களும் ஒன்று குறையாமல் விரிந்தன. அவருடைய விரல் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை, யோசிக்கவில்லை, சோர்வு என்ற பேச்சுக்கே இடமில்லை. நேராகப் போய் நிதானத்தின் மேல் விழுந்தது.

"சார்," என்றாள் அக்கா. "உங்களுக்கு மட்டும் மெனு இருக்கா?"

"அது... நிர்வாக அனுமதி."

"தானியங்கியவே விடுங்களேன். வேலை எவ்ளோ கஷ்டம்னு பாத்து அதுவே எடுத்துக்குமே."

"இல்லம்மா, கையெழுத்து என்னோடதாச்சே."

வெகு இயல்பாகச் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் அவருக்கே அது காதில் விழுந்தது. காது மடல் சிவந்தது. மூன்று நாளாக அக்கா கத்தியதை அந்த மனிதர் தன் வாயாலேயே ஒரே வரியில் சொல்லி முடித்துவிட்டார்.

நிதானம் இருபத்தைந்து நிமிடம் எடுத்துக்கொண்டது. எளிமையார் அதுவரை மேஜை மேலிருந்த காகிதங்களை அடுக்கினார், கலைத்தார், அடுக்கினார். கடைசியில் பதில் வந்தது. 'நீக்கப்பட்டவற்றில் நாற்பத்தொரு விதிவிலக்குகளைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருக்கிறது. முதலாவது, பிரசவ ஆஸ்பத்திரியின் இரண்டாம் லிஃப்ட். முன்னும் பின்னுமாக இரண்டு கதவுகள் உள்ளன. மூன்றாம் மாடியில் பின்கதவை எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது என்ற வரி நீக்கப்பட்டிருக்கிறது. அது ஏன் இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அங்கே இருப்பவர் யாரையாவது கேளுங்கள்.'

"ஏதாவது பழைய கதையா இருக்கும்," என்றார் எளிமையார். குரல் அவ்வளவு தெம்பாக இல்லை. ஆஸ்பத்திரியின் பராமரிப்புக்காரரைத் தொலைபேசியில் பிடித்து, அக்காவுக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டார்.

"ரெண்டாம் நம்பர் லிஃப்ட்டா? சொல்லுங்க சார்."

"மூணாவது மாடில பின்பக்கக் கதவு இருக்கே, அதுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"அந்தப் பக்கமா? ஒண்ணும் இல்லீங்களே."

"ஒண்ணும் இல்லன்னா?"

"பக்கத்துக் கட்டடத்துக்குப் போற பாலம் ஒண்ணு இருந்திச்சி சார். அத இடிச்சி நாலு வருஷமாச்சு. செவரு வெக்கிறோம் வெக்கிறோம்னு சொல்லிட்டே இருக்காங்க. இப்ப கதவு மட்டுந்தான் இருக்கு. உங்க ஆளுங்கதான் தொறக்காத மாதிரி ஏதோ பண்ணிக் குடுத்தாங்க."

"தொறந்தா?"

"தொறந்தா நேரா கீழ வண்டி நிறுத்துற எடம் சார். ஏன் கேக்கறீங்க?"

எளிமையார் தொலைபேசியை வைத்தார். முகத்தில் ஈயாடவில்லை. பிரசவ ஆஸ்பத்திரி. நாளைக்கு இந்நேரம் நிரல் அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு பின்கதவில் சாய்ந்து நிற்கும் யாரோ ஒருத்தி அக்காவின் கண்ணுக்குள் வந்தாள். அக்கா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

எளிமையார் காகிதங்களை மறுபடி அடுக்கினார். "நல்ல வேளை. சரி... நாப்பத்தொண்ணையும் நீங்களே பாத்து சரி பண்ணிடுங்க."

"எத வெச்சு சார்?"

"மெனு வேணும்னா மேல எழுதிக் கேக்கணும். ரெண்டு வாரம் ஆகும். அதுவரைக்கும் இருக்கறத வெச்சு..."

அக்கா அவரையே பார்த்தாள். இவ்வளவுக்குப் பிறகும் இந்த மனிதரால் இதைச் சொல்ல முடிகிறது. அவளுக்கு அவர் மேல் இருந்த பயம் அந்த நிமிடம் சுத்தமாகப் போய்விட்டது. இவருக்கா மூன்று நாள் பயந்தோம் என்று வெட்கமாகக்கூட இருந்தது.

"எழுந்திரிங்க," என்றாள்.

"என்னது?"

"எழுந்திரிங்க சார். நாப்பது பாக்கி இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணிக் கேக்கணும். நீங்க அங்க உக்காந்திருந்தா நான் எப்படிப் பாக்கறது?"

கண்ணாடி அறை. வெளியே முப்பது பேர் தத்தம் திரைகளைப் பார்க்கிற பாவனையில் இதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எளிமையார் எழுந்தார். அக்கா உட்கார்ந்து விசைப்பலகையைத் தனக்கு வாகாகத் திருப்பிக்கொண்டாள். கையெழுத்தாகாத பக்கத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

அவர் அதை வைத்துக்கொண்டு கதவருகே போய் நின்றார். "நான் எங்க உக்கார்றது?"

"என் எடம் காலியாத்தான் இருக்கு சார்," என்று திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள் அக்கா. "அங்க தானியங்கி இருக்கு. உக்காந்து மீதிய சரிபாருங்க."

எளிமையார் போய் அங்கே உட்கார்ந்தார். சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். அந்தப் பொத்தானை அவர் ஒரு முறைகூட அழுத்தவில்லை.